முடிச்சு எப்போது நோயாகிறது?

வேலியில் படர்ந்த கோவைக்கொடியின் தண்டு ஆங்காங்கே பருத்துக் கிடந்தாலும், நட்டுச் சில மாதமே ஆன தைலமரக் கன்றின் இலைக்காம்பு வீங்கிச் சுருண்டிருந்தாலும், சேலம், நாமக்கல் பக்கத்து விவசாயி அடுத்துப் போய் நிற்கும் இடம் உரக்கடைதான். "பூச்சி விழுந்திருச்சுங்க, என்ன மருந்து அடிக்கலாம்?" இரண்டுக்கும் ஒரே கேள்வி, பெரும்பாலும் ஒரே மருந்து. கோவைக்கொடியின் முடிச்சு காலங்காலமாக அங்கேயே இருப்பது. கொடி அதனால் சாகவில்லை, காய்ப்பதையும் நிறுத்தவில்லை. தைலமரத்து முடிச்சு தமிழ்நாட்டுக்கு வந்து கால் நூற்றாண்டு அளவுதான் ஆகிறது. வந்த வேகத்திலேயே நாற்றங்கால்களைக் கெடுத்தது. இரண்டும் பூச்சி செய்த வேலைதான். ஒன்று ஏன் ஊரோடு ஒத்துப் போகிறது, மற்றது ஏன் நோயாகிறது என்பதைப் பூச்சியியல் ஏறக்குறைய நூறு ஆண்டுகளில் சேர்த்துவைத்த செய்திகளைக் கொண்டு பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முடிச்சு என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளப் புங்கன் இலை போதும். இந்தச் சமவெளியில் நிழலுக்கு வளர்க்கும் மரங்களில் முடிச்சு இல்லாத புங்கனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இலைப்பரப்பில் பச்சை விரல்கள் கூட்டமாக எழுந்து நிற்கும். ஒன்றைப் பிளேடால் நெடுக்காக அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால், உள்ளே கூடு. கூட்டின் சுவரில் மெல்லிய மயிர். இலையின் மறுபக்கம் ஒரு சிறு வாய். மயிர்களுக்கு இடையே வெளிறிய துணுக்குகள் மிக மெதுவாக நகரும். அவை பூச்சியே அல்ல. அசீரியா என்னும் வகையைச் சேர்ந்த சிலந்திப்பேன்கள். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளம்தான். மற்ற சிலந்திப்பேன்களுக்கு எட்டுக் கால்; இவற்றுக்கு நாலே கால். இந்த உருவம் அந்தக் கூட்டைக் கட்டவில்லை. கட்டியது மரம்: தன் செல்களைப் பெருக்கி, சுவர் எழுப்பி, உள்ளே சத்தான திசுவை வைத்துக் கொடுத்தது. சிலந்திப்பேன் செய்தது, மரத்தை அப்படிச் செய்ய வைத்தது மட்டுமே. புங்கன் ஆண்டுதோறும் இலை கொட்டிப் புதிதாகத் துளிர்க்கிற மரம். பழைய முடிச்சுகள் சருகோடு போய்விடும். மரம் பாட்டுக்கு நிழல் தரும். இதற்கு மருந்து அடிப்பது காசுக்குக் கேடு என்பதே என் கருத்து.

உலகில் முடிச்சு என்றதும் முதலில் பேசப்படுவது குளவியைப் பற்றித்தான். சைனிப்பிடே என்னும் குடும்பத்தில் சுமார் 1,400 இனங்கள் உண்டு. பெரும்பாலானவை ஓக் மரத்தில் வாழ்பவை. தென்னிந்தியக் காடுகளில் ஓக் இயற்கையாக வளர்வதில்லை. இந்தியாவில் அதற்கு இமயமலைப் பக்கம்தான் போக வேண்டும். ஆகவே அசல் முடிச்சுக் குளவி நம் சமவெளியில் பறப்பதில்லை. ஆனால் அது செய்த முடிச்சு சேலம் செவ்வாய்ப்பேட்டை நாட்டு மருந்துக் கடையில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. அதுதான் மாசிக்காய். கைக்குழந்தைக்கு உரை மருந்து இழைக்கும் வீடுகளில் வசம்பு, ஜாதிக்காய், கடுக்காயோடு இதுவும் இருக்கும். காய் என்று பெயர். எந்த மரத்திலும் காய்த்ததல்ல. துருக்கி, சிரியா, ஈரான் பக்கத்து ஓக் மரத்தின் மொட்டில் ஒரு குளவி முட்டையிட, மரம் அந்தப் புழுவைச் சுற்றித் திரட்டிய உருண்டை. கடையில் ஒரு பிடி அள்ளிப் பார்த்தால் இரண்டு வகை தெரியும். சிலவற்றில் குண்டூசி நுழையும் அளவு வட்ட ஓட்டை இருக்கும்: குளவி வளர்ந்து, துளைத்து, வெளியே போய்விட்டது. இவை வெளிறி, எடை குறைந்திருக்கும். ஓட்டை இல்லாதவை கருநீலமாக, கனமாக இருக்கும். குளவி வெளியேறும் முன்பே பறித்தவை. துவர்ப்பு இவற்றில்தான் அதிகம். விவரம் தெரிந்தவர்கள் ஓட்டை இல்லாததையே பொறுக்குவார்கள். இந்தத் துவர்ப்பு அன்னபேதியோடு சேர்ந்தால் அழியாத கருமை தரும். ஐரோப்பாவின் பழைய ஏடுகளும் பத்திரங்களும் பல நூற்றாண்டுகள் அந்த மையில்தான் எழுதப்பட்டன.

முடிச்சு பூச்சியால் வருகிறது என்பதே எளிதில் ஏற்கப்பட்ட செய்தியல்ல. அழுகிய இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை என்று 1668-இல் சோதனை செய்து காட்டிய இத்தாலியர் பிரான்செஸ்கோ ரெடி, முடிச்சு விஷயத்தில் மட்டும் தடுமாறினார். செடியின் உயிராற்றலே உள்ளிருக்கும் புழுவைப் பிறப்பிக்கிறது என்று எண்ணினார். 1679-இல் மார்செல்லோ மல்பீகிதான் குளவி முட்டையிடுவதைக் கண்டு எழுதி அந்த எண்ணத்தை முடித்துவைத்தார். தாய் முட்டையோடு செலுத்தும் நீர்தான் செடியை வீங்க வைக்கிறது என்பது அவர் கருத்து. அது பாதி உண்மை. சில பூச்சிகளில் தாயின் நீரே போதும். ஓக் குளவி போன்றவற்றில் புழு உயிரோடு இருந்து தூண்டிக்கொண்டே இருந்தால்தான் முடிச்சு வளரும். புழு செத்தால் வளர்ச்சி நின்றுவிடும். அந்தத் தூண்டலின் வேதியியல் இன்றும் முழுதாக அவிழவில்லை. அமெரிக்காவில் ஓர் அசுவினியின் எச்சிலில் உள்ள புரதங்களின் பெருங்குடும்பம் ஒன்று செடியின் மரபணுக்கள் வேலை செய்யும் விதத்தையே மாற்றுவதாக 2021-இல் வெளியான ஆய்வு, இந்தத் துறையில் அண்மைக் காலத்தின் பெரிய அடி.

நம் சமவெளிக்கு வருவோம். ஓக் குளவி இல்லாத குறையை இங்கே பலர் சேர்ந்து நிரப்புகிறார்கள். கோவைக்கொடியின் தண்டை வீங்க வைப்பது கொசுவினும் சிறிய ஓர் ஈ. இலந்தையின் தண்டு முடிச்சு சிலந்திப்பேன் வேலை. சேலத்து மாந்தோப்புகளில் இலை முழுக்கக் கொப்புளம் கிளப்புவதும் ஈதான். பெரிய மரத்துக்கு அதனால் அதிகச் சேதமில்லை, இளஞ்செடியில்தான் கவனம் தேவை. வெள்வேல மரத்தில் இலைக்கக்கத்து மொட்டு கிளையாக நீளாமல் இதழ் அடுக்கிய கொத்தாகச் சுருங்கிப் போவதைப் பார்த்திருக்கலாம். அது இலைப்பேன் செய்வது. காவிரிக்கு அக்கரையில் கரூர்ப் பக்கத்துக் கொறங்காடுகளில் மாடும் ஆடும் இந்த மரத்தின் நிழலையும் காயையும் நம்பித்தான் மேய்கின்றன. முடிச்சு உள்ள மரமும் காய்க்கத்தான் செய்கிறது.

குளவியே இல்லையா என்றால், இருக்கிறது, எல்லார் கண் முன்னும். ஆலம்பழத்துக்குள், அரசம்பழத்துக்குள், அத்திப்பழத்துக்குள். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு என்று சொல்வழக்கு உண்டே, அந்தப் புழுவில் பெரும்பகுதி குளவிதான். பழம் என்பது உள்நோக்கி மடிந்த பூங்கொத்து. மார்பில் அதற்கென்றே அமைந்த பையில் மகரந்தத்தோடு பெண் குளவி நுழைகிறது. சில பூக்களின் சூலகத்தில் முட்டையிடுகிறது, வேறு சில பூக்கள் மகரந்தம் பெற்று விதையாகின்றன. முட்டை விழுந்த சூலகம் ஒவ்வொன்றும் ஒரு முடிச்சாக வீங்குகிறது. இறக்கையற்ற ஆண் குளவிகள் முதலில் வெளிவந்து, பெண்களோடு இணைந்து, பழத்தின் சுவரில் வழி துளைத்துவிட்டு உள்ளேயே மடிகின்றன. பெண்கள் அந்த வழியாக அடுத்த மரத்துக்குப் பறக்கின்றன. ஆலமரத்துக்கு யூப்ரிஸ்டினா மேசோனி, அத்திக்கு செரட்டோசோலென் ஃபூசிசெப்ஸ் என்று மரத்துக்கு மரம் குளவி வேறு. இந்த முடிச்சு நின்றுபோனால் ஆலமரத்துக்கு விதையில்லை. முடிச்சு என்றாலே கேடு என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் காட்ட விரும்புவது இதைத்தான்.

இவற்றையெல்லாம் உட்கார்ந்து பார்த்துப் பெயரிட்டவர்களில் நம்மவர்கள் அதிகம் என்பது தமிழ் வாசகருக்குத் தெரிந்திருக்க வேண்டிய செய்தி. கோயம்புத்தூரில் அரசுப் பூச்சியியலராக இருந்த டி. வி. ராமகிருஷ்ண ஐயர் வெள்வேல இலைப்பேனை அறிவியலுக்கு விவரித்தவர். தென்னிந்தியப் பயிர்ப் பூச்சிகளைப் பற்றிய அவருடைய 1940-ஆம் ஆண்டுக் கையேட்டில் பல தலைமுறை மாணவர்கள் படித்தார்கள். எம். எஸ். மணி ஆக்ரா செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இருந்துகொண்டு 1964-இல் முடிச்சுகளின் சூழலியல் பற்றியும், 1973-இல் இந்தியத் தாவர முடிச்சுகள் பற்றியும் எழுதிய நூல்கள் இன்றும் இந்தத் துறைக்கு அடிப்படை. சென்னை லயோலா கல்லூரியில் டி. என். அனந்தகிருஷ்ணன் தம் வாழ்நாளில் பெரும்பகுதியை இலைப்பேன்களுக்கே கொடுத்தார். அவருடைய மாணவர்கள் மகிழ மரத்தின் சுருண்ட இலையையும் வெள்வேலத்தின் மொட்டையும் அறுத்து, உள்ளே யார் யாரை உண்கிறார்கள் என்று வாரக் கணக்கில் எண்ணினார்கள். நெல், பருத்தி போல விலை பேசாத செடிகளின் மேல் இவ்வளவு உழைப்பு செலவானது பெரிய காரியம்.

அந்த எண்ணிக்கைதான் நம் கேள்வியைப் பதிலை நோக்கி நகர்த்துகிறது. முடிச்சுக்குள் இருப்பது அதைச் செய்தவர் மட்டுமல்ல. பீட்டர் பிரைஸும் பெர்னாண்டஸும் வேரிங்கும் 1987-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, பூச்சிக்கு முடிச்சால் என்ன ஆதாயம் என்று மூன்று கோணத்தில் கேட்டது: நல்ல உணவா, வெயிலிலிருந்து காப்பா, எதிரியிடமிருந்து காப்பா? மூன்றாவதில்தான் சர்ச்சை அதிகம். முடிச்சின் கெட்டியான சுவரைத் தாண்டி, நீண்ட முட்டையிடும் ஊசியால் உள்ளே எட்டி, முடிச்சுப் புழுவின் மேல் தன் முட்டையை வைக்கும் ஒட்டுண்ணிக் குளவிகள் ஏராளம். அந்த ஒட்டுண்ணியை உண்ணும் ஒட்டுண்ணியும் உண்டு. முடிச்சு கட்டாத பூச்சிகளைவிட முடிச்சுப் பூச்சிகளுக்கே ஒட்டுண்ணித் தொல்லை மிகுதி என்றுகூடச் சிலர் காட்டியிருக்கிறார்கள். வெயிலும் வறட்சியும் மிகுந்த, இலை தடித்த செடிகள் நிறைந்த நிலங்களில் முடிச்சு வகைகள் அதிகம் என்பது பெர்னாண்டஸும் பிரைஸும் வைத்த இன்னொரு கருத்து. சேர்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் கீழே கிடக்கும் முள்வேலிக் காடுகள் அதற்குப் பொருந்துகிற நிலம்தான்.

இனி தைலமரத்துக்கு வருவோம். நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையத்தில் 1960-களில் தொடங்கிய சேஷசாயி காகித ஆலையும், ஆற்றுக்கு மறுகரையில் கரூர் காகிதபுரத்தில் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனமும் இந்தப் பகுதியின் மானாவாரி நிலங்களுக்குத் தைலமரத்தையும் சவுக்கையும் ஒரு பணப்பயிராக்கின. நட்டால் நான்கைந்து ஆண்டில் வெட்டலாம். தைலமரத்தின் அடிக்கட்டை திரும்பத் துளிர்க்கும். தாய்மரத்தின் துண்டிலிருந்து எடுத்த குளோன் கன்றுகள் வந்தபின் வரிசை வரிசையாக ஒரே உயிரின் நகல்கள் நின்றன.

2000-ஆம் ஆண்டு வாக்கில் இஸ்ரேலிலும் மத்தியதரைக் கடல் ஓரத்திலும் தைலமரத் துளிர்கள் வீங்கத் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் அதே வீக்கம். காரணம் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய ஒரு குளவி. லெப்டோசைபி இன்வேசா என்று அதற்குப் பெயர் வைக்கப்பட்டது 2004-இல். தைலமரத்தின் தாய்நாடான ஆஸ்திரேலியாதான் குளவிக்கும் தாய்நாடு. ஆனால் அங்கே அதுவரை அதை யாரும் பொருட்படுத்தி விவரித்ததில்லை. சொந்த ஊரில் கண்ணில் படாத அளவுக்கு அது அரிது.

அதன் வேலையை ஒரு துளிரில் பின்தொடர்ந்து பார்க்கலாம். இளம் இலையின் நடுநரம்பிலோ காம்பிலோ குளவி வரிசையாக முட்டை வைக்கிறது. வைத்த இடம் தக்கை போலத் தழும்பாகிறது. பிறகு நரம்பு நெடுக மேடுகள் எழுகின்றன. பச்சையாக இருந்தவை இளஞ்சிவப்பாகி, பளபளத்து, கடைசியில் மங்கிய செம்பழுப்பாகின்றன. குறுக்கே அறுத்தால் ஒவ்வொரு மேட்டுக்குள்ளும் தனித்தனி அறை. அறைக்கு ஒரு வெண்புழு, காலில்லாதது. முட்டையிலிருந்து குளவி வெளிவரச் சுமார் நான்கு மாதம் என்று இஸ்ரேல் ஆய்வகத்தில் கணக்கிட்டார்கள். வெளிவருவது கிட்டத்தட்ட எல்லாமே பெண். ஆண் துணை இல்லாமலேயே அவை பெண்ணைப் பெறும். ஒரே ஒரு குளவி கன்றோடு ஊர் தாண்டினால் போதும். இலை மடங்கி, நுனி கருகி, கன்று புதர்போல் குட்டையாகிவிடும். வளர்ந்த மரம் தாக்குப்பிடிக்கும். நாற்றங்காலும், வெட்டியபின் துளிர்க்கும் அடிக்கட்டையும்தான் அடிபடும். மருந்தடித்துப் பயன் குறைவு, ஏனென்றால் புழு இருப்பது சுவருக்குள்.

இரண்டு காரியங்கள் நிலைமையை மாற்றின. ஒன்று, எல்லாக் குளோன்களும் ஒரே மாதிரி வீங்கவில்லை என்பது தெரிந்தது. ஒரு வரிசை சுருண்டு கிடக்க, பக்கத்து வரிசையில் வேறொரு குளோன் சுத்தமாகத் துளிர்த்து நின்றது. அதைப் பார்த்துத் தேர்வு நடந்தது. மற்றது, ஒட்டுண்ணிகள். ஆஸ்திரேலியாவிலிருந்து இஸ்ரேல் கொண்டுபோய்ப் பெருக்கிய குவாட்ராஸ்டிக்கஸ் மெண்டெலி என்னும் ஒட்டுண்ணிக் குளவி இந்தியத் தோப்புகளிலும் நிலைகொண்டது. அதோடு, யாரும் அழைக்காமலேயே இந்நாட்டு ஒட்டுண்ணிகள் சில புது முடிச்சுக்குக் குடிபெயர்ந்தன. அவற்றில் ஒன்றைத் தார்வாடில் கண்டெடுத்து, கோழிக்கோட்டுக் குளவி அறிஞர் டி. சி. நரேந்திரனும் அவருடைய சகாக்களும் மெகாஸ்டிக்மஸ் தார்வாடிக்கஸ் என்று பெயரிட்டார்கள். வேலியில் எத்தனையோ முடிச்சுகளில் பழகிய ஒட்டுண்ணிகள் பக்கத்தில் இல்லாவிட்டால், இந்தக் குடிபெயர்ச்சிக்கு ஆள் எங்கிருந்து கிடைக்கும்? வேலியைக் கொளுத்துகிறவர்களும் வரப்போரமெல்லாம் மருந்தடிக்கிறவர்களும் எண்ணிப் பார்க்க வேண்டிய கேள்வி இது.

கல்யாண முருங்கையின் கதை இதன் உடன்பிறப்பு. அடைக்கும் வடைக்கும் இலை பறிக்கிற, வேலியில் போத்து ஊன்றினால் வேர்பிடிக்கிற அந்த மரத்தின் இலையும் காம்பும் 2005, 2006 வாக்கில் கேரளத்திலிருந்து தொடங்கித் தென்னாடெங்கும் கொத்துக் கொத்தாகப் புடைத்தன. குவாட்ராஸ்டிக்கஸ் எரித்ரினே என்னும் இந்தக் குளவிக்கும் 2004-இல்தான் பெயர் கிடைத்தது; சிங்கப்பூர், மொரீஷியஸ், ரீயூனியன் மாதிரிகளை வைத்துப் பெயரிட்டார்கள். பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்கா என்று பிறகுதான் துலங்கியது. முட்டை முதல் குளவி வரை சுமார் 20 நாள். அதனால் பெருக்கம் பயங்கரம். மிளகுக்கொடி ஏற்றத் தாங்கு மரமாக இதை நட்டிருந்த மலைத்தோட்டங்கள் நொந்தன. பரமத்தி வேலூர் வெற்றிலைக் கொடிக்கால்கள் தப்பின. அங்கே கொடியைத் தாங்குவது அகத்தி, இந்தக் குளவிக்கோ கல்யாண முருங்கை இனம் தவிர வேறு எதுவும் ஆகாது. ஹவாய்த் தீவுகளில் 2005-இல் நுழைந்து சொந்த மரமான விலிவிலியை அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. தான்சானியாவில் தேடிக் கண்டுபிடித்த யூரிட்டோமா எரித்ரினே என்னும் ஒட்டுண்ணியை 2008 நவம்பரில் விட்டபின் மரங்கள் மீண்டன.

இரண்டு குளவிகளும் பிறந்த ஊரில் பெயரில்லாமல் கிடந்தவை. எதிரிகளை விட்டுவிட்டுக் கடல் தாண்டிய பின்பே பெயரும் புகழும் பெற்றவை. ஆகவே எதிரி இல்லாத முடிச்சுதான் நோய் என்று சொல்லி முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் நெல் அதற்கு ஒத்துக்கொள்ளாது. ஆனைக்கொம்பன் ஈ நம் மண்ணின் பூச்சி. நெல்லின் குருத்து கதிராகாமல் வெங்காயத்தாள் போன்ற குழலாக நீளுவது அது செய்யும் முடிச்சு. அதற்கு எதிரி இல்லாமலில்லை; பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்னும் ஒட்டுண்ணிக் குளவி ஈயின் முட்டையிலேயே தன் முட்டையை வைக்கிறது. ஒட்டுண்ணி பிடித்த குழல்களைப் பத்துச் சதுர மீட்டருக்கு ஒன்று என்ற கணக்கில் நட்ட வயலில் வைக்கும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. இருந்தும் சில பருவங்களில் ஈ மிஞ்சிவிடுகிறது. பல ஏக்கருக்கு ஒரே ரகம், மாதக் கணக்கில் தள்ளித் தள்ளி நடவு, தழைச்சத்தை அள்ளிக் கொட்டுவது, இவை ஈக்கு இளங்குருத்தை ஓயாமல் ஊட்டுகின்றன; ஒட்டுண்ணி பெருகிப் பின்னால் ஓடிவருவதற்குள் குருத்து போய்விடுகிறது. எதிர்ப்பு ரகம் கொடுத்தால் அதை வெல்லும் புது வகை ஈ வருகிறது. இந்தியாவில் இதுவரை ஏழு வகைகளைப் பிரித்திருக்கிறார்கள். ஆக, எதிரி இல்லாமை ஒரு காரணம். ஒரே செடியை ஊரெல்லாம் நிரப்புவது மற்றொரு காரணம். தைலமரத்தில் இரண்டும் சேர்ந்தன. புங்கனிலும் கோவையிலும் இரண்டுமே இல்லை.

இதே விதியைத் தெரிந்தே பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆஸ்திரேலிய வேல மரம் ஒன்று தென்னாப்பிரிக்காவில் களையாகப் பரவியபோது, அதன் மொட்டை முடிச்சாக்கும் ஆஸ்திரேலியக் குளவியை 1980-களில் எதிரிகளை வடிகட்டிவிட்டு இறக்கினார்கள். மரம் விதை கட்டுவது பெருமளவு விழுந்தது. நீலகிரியில் ஒரு மெக்சிகோ களைக்கு எதிராக 1963-இல் தண்டு முடிச்சு ஈயை விட்டார்கள். அதை இந்நாட்டு ஒட்டுண்ணிகள் பிடித்துக்கொண்டதால் பலன் குறைந்தது. தைலமரத்தில் நமக்கு நல்லதாக அமைந்த அதே குடிபெயர்ச்சி, அங்கே திட்டத்தைக் கெடுத்தது.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இந்தக் கணக்கு ஏன் அவசரம் என்றால், மரவள்ளி. ஜவ்வரிசி ஆலைகள் நம்பியிருக்கும் இந்தப் பயிர் முழுவதும் கரணை வழி நகல். தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன் எதிரிகளும் அங்கேதான். 2020-இல் மரவள்ளி மாவுப்பூச்சி கேரளத்தில் தென்பட்டு, சீக்கிரமே இந்த மாவட்டங்களில் காட்டை வெளுக்க வைத்தது. அது முடிச்சு கட்டும் பூச்சியல்ல. ஆனால் மாற்று மருந்து அதே குளவி உலகத்திலிருந்து வந்தது. ஆப்பிரிக்காவில் 1980-களில் மரவள்ளியைக் காப்பாற்றிய அனகைரஸ் லோபெசி என்னும் ஒட்டுண்ணியைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் 2021-இல் பெனின் நாட்டிலிருந்து தருவித்து, சோதித்து, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விட்டது. பூச்சி வந்து இரண்டே ஆண்டு. அமெரிக்கக் கண்டத்தில் மரவள்ளி இலையில் முடிச்சு கட்டும் ஈ ஒன்றும் இருக்கிறது. அங்கே அது பெரிய தொல்லை இல்லை. முடிச்சு இலையில்தான் வரும் என்பதால், வெளிநாட்டுக் கரணை வாங்கும்போது இலையும் துளிரும் ஒட்டியிராமல் வாங்குவது அதற்கு எளிய தடுப்பு.